மஞ்சள் போக மிச்சம்

ஐம்பத்து நான்கு நிமிட ஒலிப்பதிவு. அதில் லாரிகளின் சத்தம் ஏழு நிமிடம். பேட்டி கொடுத்தவர் பேசியது பதினாறு நிமிடம். மீதி முப்பத்தொரு நிமிடமும் பேசியது பேட்டி எடுத்தவள்.

இந்தக் கணக்கை அவள் வீட்டில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். வீட்டில் அவளுக்குப் பெயர் பூச்சி. வாயில்லாப்பூச்சி என்று அண்ணன் வைத்தது. கூப்பிடக் கூப்பிட முன்பாதி தேய்ந்து பின்பாதி மட்டும் நின்றுவிட்டது. விருந்தாளி வந்தால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற பெண். பள்ளியில் ஏழு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளே, "உனக்குக் குரல் இருக்குன்னு எனக்குப் பத்தாவதுலதான் தெரியும்" என்று சொல்லியிருக்கிறாள்.

பூச்சிக்கு இப்போது இருபது வயது. சமூகவியல், இளங்கலை மூன்றாம் ஆண்டு. விடுதியில் அவள் இருப்பது மூன்று கட்டில் அறை. ஒருத்தி முதல் வருடமே வேறு படிப்புக்கு மாறிப் போனாள். இன்னொருத்தி, அத்தை வீட்டிலிருந்தே வந்து போகிறேன் என்று பெட்டியைக் கட்டினாள். ஒரு கட்டிலில் இவள் படுக்கிறாள், ஒன்றில் புத்தகங்கள், மூன்றாவதில் சுருட்டிய மெத்தை. மெஸ்ஸில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சாப்பிடுவாள். அதில் எதுவும் ஓடாது. யாரும் பேச்சுக் கொடுக்காததற்கு ஒரு காரணம் இருக்கட்டுமே என்றுதான்.

அவள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எல்லோரும் ஆய்வு செய்யலாம். இயற்பியல், ஓவியம், இலக்கியம், விலங்கியல் என்று துறை பார்ப்பதில்லை. ஐந்து மாதம் வேலை செய்ய வேண்டும். வழிகாட்டும் ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய கூடத்தில் ஒருநாள் முழுக்க ஆளுக்கு ஒரு போர்டில் ஆய்வை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். கையெழுத்துக் கிடைக்காதவர்கள் அதற்குப் பதிலாக ஓர் எழுத்துத் தேர்வு எழுதலாம். தேர்வு அவளுக்குக் கஷ்டமே இல்லை, மனப்பாடம் நன்றாக வரும். ஆனால் இரண்டரை வருடத்தில் அந்தக் கல்லூரியில் அவள் பெயர் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு எங்கும் எழுதப்பட்டதில்லை. போர்டின் தலையில் பெயர் இருக்கும். அது அவளுக்கு வேண்டும்.

தெரிந்த விஷயத்தை எடுத்துக்கொள் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். அவள் எடுத்த தலைப்பு, 'ஓர் ஆள் மட்டுமே உள்ள பணியிடங்கள்'.

ஏழு பேரைத் தேடிப் பிடித்தாள். ரயில்வே கேட்டில் ஒருவர். தண்ணீர் ஏற்றும் பம்ப் அறையில் ஒரு பெரியவர். கார் நிறுத்துமிடத்தின் சீட்டுக் கூண்டில் ஒரு பெண். பழைய எக்ஸ்ரே படங்களை அடுக்கி வைக்கும் கிடங்கில் ஒருவர். இப்படி ஏழு. ஏழாவதாக வந்தவர்தான் லாரிகளுக்கு எடை போடும் எடைமேடையில் வேலை செய்யும் அக்கா.

அந்த இடத்தை அவளுக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போனது. புறவழிச் சாலையோரம் தரையோடு தரையாகப் பதித்த நீளமான இரும்பு மேடை. பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், பிரிண்டர், ஓட்டுநர்களைக் கூப்பிட ஒரு மைக், மேஜை மின்விசிறி. இரண்டு நாற்காலி போட இடமில்லாததால் அவள் பேப்பர் கட்டுகளின் மேல் உட்கார்ந்தாள். லாரி வந்து மேடையில் ஏறும்போது அறை லேசாக அதிரும். வெளியே கம்பத்தில் சிவப்பு எண்கள் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கும். "இன்னும் ஓரடி முன்னாடி வாங்க, பின் சக்கரம் வெளில இருக்கு" என்று மைக்கில் சொல்வார் அக்கா. சீட்டு அச்சாகி வரும். லாரி இறங்கிப் போகும். அப்புறம் பழையபடி மின்விசிறி மட்டும்.

ஒருவர் அருகில் உட்கார்ந்து, வேறு எங்கும் போக முடியாமல், நாம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது என்பது அவளுக்கு அதுவரை நடந்ததில்லை. கேள்வித்தாளில் மூன்றாவது கேள்வி தாண்டியதுமே அடைத்த குழாய் திறந்துகொண்டது. விடுதியைப் பற்றிச் சொன்னாள். இயர்போனைப் பற்றிச் சொன்னாள். அக்கா "ம்", "ம்" என்று கேட்டார். திரும்பி வரும்போது பேருந்தில் அவளுக்கு உடம்பே லேசாக இருந்தது. நல்ல பேட்டி என்று நினைத்தாள்.

பேராசிரியைக்கு ஒரு வழக்கம் உண்டு. பேட்டியை மாணவர்களே, ஒரு சொல் விடாமல், "ம்" உட்படத் தட்டச்சு செய்ய வேண்டும். வாக்கியம் பாதியில் அறுந்தால் அந்த இடத்தில் நீளமாக ஒரு கோடு போட வேண்டும். அவர் அதை வாங்கி, பேட்டி எடுத்தவர் சொன்னதையெல்லாம் மஞ்சள் பேனாவால் தீற்றுவார். பத்து வரிக்கு இரண்டு வரிக்கு மேல் மஞ்சள் போனால், அவர் வார்த்தையில், அது பேட்டி இல்லை, அரட்டை.

எடைமேடைப் பேட்டியின் பதினெட்டுப் பக்கத்தையும் அவர் மேஜையில் வரிசையாகப் பரப்பினார். கடுகு பூத்த வயல் மாதிரி இருந்தது.

"இது யாரும்மா?"

"எடைமேடைல வேலை பாக்குறவங்க மேடம்."

"அவங்களத்தான் நானும் தேடிட்டு இருக்கேன். ஆளக் காணோம்."

அவள் குனிந்து மஞ்சள் பக்கங்களைப் பார்த்தாள்.

"நீ வாயே தொறக்க மாட்டியே, பேட்டிக்குப் போய் என்ன பண்ணுவியோன்னு நான் பயந்தேன். இங்க பாத்தா அணை உடைஞ்ச மாதிரி இருக்கு." பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "மத்த ஆறும் இப்படித்தானா?"

"இதைவிடக் கொஞ்சம் பரவால்ல மேடம்."

"அடுத்த வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போட்டாகணும். எட்டு நாள் இருக்கு. இந்த ஒண்ணையாவது திரும்பப் போய் ஒழுங்கா எடுத்துட்டு வா. அதை வச்சுப் பாக்கலாம். இல்லன்னா தேர்வுக்குப் படிக்க ஆரம்பிச்சுடு."

அன்று மாலை வீட்டுக்குப் பேசினாள்.

"அம்மா, நான் ரொம்பப் பேசுறேன்னு மேடம் சொல்றாங்க."

"யாரு?"

"நான்தான்."

"நீயா?" அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே அண்ணனைக் கூப்பிட்டாள். "டேய், இங்க வந்து இந்தக் கூத்தக் கேளு. பூச்சி ரொம்பப் பேசுதாம்."

"வேற யாரோட பேப்பரையோ மாத்திக் குடுத்திருப்பாங்க. பேரு பாத்து வாங்கச் சொல்லு" என்றது அண்ணன் குரல்.

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சாப்பிட்டாயா, சளி விட்டதா என்று கேட்டுவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று அம்மா வைத்துவிட்டாள். மொத்தம் இரண்டு நிமிடம் பத்து நொடி. அதில் தன் பங்கு இருபது நொடிகூட இருக்காது என்று அவள் கணக்குப் போட்டாள். தட்டச்சு செய்து செய்து வந்த பழக்கதோஷம்.

திங்கட்கிழமை மறுபடி எடைமேடைக்குப் போனாள். இந்த முறை நோட்டின் மேல்பக்கத்தில் 'பேசாதே' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். ரெக்கார்டரை வைத்தாள். "உங்க வேலையப் பத்திச் சொல்லுங்கக்கா" என்றாள். அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

"பன்னண்டு வருஷமாச்சு" என்றார் அக்கா.

அவள் தலையாட்டினாள்.

"காலைல ஏழரைக்கு வருவேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் போவேன்."

அவள் தலையாட்டினாள். மின்விசிறி ஓடியது. அக்கா பிரிண்டரின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"என்ன, தொண்டை கட்டிடுச்சா?"

"இல்லக்கா."

"போன தடவை நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

"ஐயோ, இல்லக்கா. நீங்க சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? லாரி வரும். எடை பாப்பேன். சீட்டுக் குடுப்பேன். போயிடும்." அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். "விசாரணைக்கு வந்த ஆபீசர் மாதிரி உக்காந்திருக்கியே. எனக்கு வாயே வரமாட்டேங்குது."

நாற்பது நிமிடம் இப்படியே போனது. ஒரு நாளைக்கு எத்தனை வண்டி, காலி எடை எப்படி, பாரத்தோடு எடை எப்படி, கம்ப்யூட்டர் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது. எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்தது. பத்து வரிக்கு ஒரு வரிகூட மஞ்சள் தேறாது. பேராசிரியையின் விதிப்படி குறையே இல்லாத பேட்டி. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தால் கையெழுத்து நிச்சயம். ஆள் இல்லாத அறையில் எடுத்த பேட்டி மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தபடி அவள் பையைக் கட்டினாள்.

"அன்னைக்குப் பேசினத ஒரு தடவை போட்டுக் காட்டேன்" என்றார் அக்கா. "என் குரல் எப்படி இருக்கும்னு நான் கேட்டதே இல்ல."

போட்டாள். தட்டச்சு செய்த தாள்களையும் எடுத்துக் கொடுத்தாள். அக்கா விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே கேட்டார். முதல் வாக்கியத்திலேயே சிரித்துவிட்டார். "அட, எங்க நாத்தனார் பேசுற மாதிரியே இருக்கு. அவளப் போயி இத்தனை வருஷம் கிண்டல் பண்ணிட்டு இருந்தேன்."

எட்டாவது நிமிடத்தில் விரல் நின்றது.

"நிறுத்து. இங்க நான் என்னமோ சொல்ல வந்தேன்."

பின்னால் ஓட்டிப் போட்டாள். அக்காவின் குரல்: லாரி வராத நேரத்துல, சில சமயம் நான் அந்த மேடையில... அதன் மேலேயே ஏறி விழுந்தது இன்னொரு குரல்: எங்க ஹாஸ்டல்லயும் அப்படித்தான்க்கா, சாயங்காலம் ஆனா ஒரு மாதிரி இருக்கும்.

தாளில் அந்த இடத்தில் நீளமாக ஒரு கோடு இருந்தது. அக்கா பக்கங்களைப் புரட்டினார்.

"எதுக்கு இத்தனை கோடு போட்டிருக்க?"

"நீங்க முடிக்காம விட்ட இடம்க்கா."

"நான் எங்க முடிக்காம விட்டேன்?" அக்கா சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "நீ எங்க முடிக்க விட்ட?"

பதினொரு கோடுகள். ஒவ்வொன்றையும் அவள்தான் தட்டினாள். இரண்டு முறை பிழை திருத்தினாள். ஒரு கோடு குட்டையாக விழுந்திருந்தது என்று அதைச் சரிசெய்துகூட வைத்தாள். வாக்கியம் எங்கே அறுந்தது என்று அவ்வளவு கவனமாகக் குறித்தவளுக்கு, அறுத்தது யார் என்று தெரியவில்லை.

அவள் ரெக்கார்டரை அணைத்தாள். தாளை மடியில் வைத்துக்கொண்டு, "முதல் கோட்டுல என்னக்கா சொல்ல வந்தீங்க?" என்று கேட்டாள்.

கருங்கல் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று வந்தது. அக்கா எடை பார்த்துச் சீட்டுக் கொடுத்தார். அது போன பிறகு சொன்னார்.

"வண்டி வராத நேரத்துல நான் போயி மேடையில ஏறி நின்னுக்குவேன். கம்பத்துல நம்பர் காட்டும். இது இருபது இருபது கிலோவாத்தான் எண்ணும். நாம எல்லாம் அதுக்கு ஒரு தூசு. முதல்ல எண்பதுன்னு காட்டிட்டு இருந்துச்சு. ஒரு வருஷம் ஓயாம எண்பது. ஒருநாள் ஏறினேன், அறுபதுன்னுச்சு. நடுவுல எழுபத்தஞ்சு, எழுபது எல்லாம் இல்ல. வீட்ல ஒருத்தரும் நான் இளைச்சதப் பாக்கல. இந்த மேடைதான் பாத்துச்சு, அதுவும் ஒரேயடியா."

பிறகு இரண்டாவது கோடு. மூன்றாவது. அன்று வெயில் சாயும்வரை அவர்கள் கோடு கோடாகப் போனார்கள். ஆறு இடங்களில் அக்கா யோசித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மறந்துபோச்சும்மா. அன்னைக்கு வந்தது அன்னைக்குத்தான் வரும்." முதல் கோட்டைத் தவிர இன்னும் மூன்றை முடித்துக் கொடுத்தார். அந்த மூன்றும் அவர் மகனைப் பற்றியவை. ஒன்பதாவது கோட்டைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அது வேணாம்" என்றார். அவள் காத்திருந்தாள். இரண்டு லாரிகள் வந்து போயின. அக்கா அதைப் பற்றிப் பேசவில்லை.

கிளம்பும்போது அக்கா சொன்னார்: "இந்தக் கோடுகளுக்குச் சொன்னத போர்டுல ஒட்டிடாத. மேடையில ஏறி நின்னத வேணா போட்டுக்கோ, படிக்கிறவங்களுக்குச் சிரிப்பா இருக்கும். மத்த மூணும் வெளில போக வேணாம்."

"சரிக்கா. முதல் தடவை பேசினது?"

"அதுக்குத்தான் அன்னைக்கே சம்மதம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேனே. அதுல முக்காவாசி உன் கதைதான் இருக்கு. நீயாச்சு, அதாச்சு."

அடுத்த மூன்று நாளும் அவள் நூலகத்தின் கீழ்த்தளத்தில், ஏசி சத்தத்துக்கு அடியில், மற்ற ஆறு பேட்டிகளையும் எடுத்து வைத்துக் கோடுகளை எண்ணினாள். கேட் காப்பவரிடம் நான்கு. சீட்டுக் கூண்டுப் பெண்ணிடம் பதின்மூன்று. ஏழு பேட்டிக்கும் சேர்த்து ஐம்பத்தெட்டு. இரண்டு பேரிடம் ஓடிப்போய்க் கேட்கவும் பார்த்தாள். சீட்டுக் கூண்டில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். முன்பு இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம், எங்கே என்று தெரியாதாம். பம்ப் அறைப் பெரியவர் தாளை வாங்கித் தூரப் பிடித்துப் படித்தார். "சொல்ல ஒண்ணும் இல்லம்மா, மூச்சு வாங்கியிருப்பேன். வயசாச்சுல்ல" என்றார். அது உண்மையா, அவள் மனம் நோகாமல் இருக்கச் சொன்னதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுபடி கேட்டுவிட்டு, பத்து நிமிடம் காத்திருந்தாள். பெரியவர் பம்பை நிறுத்தப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பேராசிரியையின் மேஜையில் இரண்டு கட்டுகளை வைத்தாள். ஒன்று திங்கட்கிழமை எடுத்த சுத்தமான பேட்டி. இன்னொன்று பழைய மஞ்சள் வயல். அதில் பதினொரு கோட்டையும் சுற்றிச் சிவப்பு வட்டம். கூடவே மற்ற ஆறும், அதே மாதிரி வட்டங்களோடு. மேலே புதிதாக எழுதிய நான்கு பக்கம்: தனியாக வேலை பார்ப்பவர்களைப் பேச வைக்கப் போனவள், அவர்களை எங்கெங்கே, எப்படி நிறுத்தினாள்.

பேராசிரியை இரண்டையும் படித்தார். அரை மணி நேரம் ஆனது.

"சுத்தமா இருக்கிறதுல போட்டுடவா? இது சரியா இருக்கு. போர்டு கிடைச்சுடும்."

"இன்னொண்ணுல போட முடியுமா மேடம்?"

"போடலாம். இதுல ஒரு விஷயம் இருக்கு. ஆனா கூடம் முழுக்க ஆளுங்க வருவாங்க. உன் வகுப்புல பாதிப் பேருக்கு உன்னத் தெரியாது. முதல் முதலா உன்ன இப்படித்தான் பாப்பாங்க. யோசிச்சியா?"

யோசித்திருந்தாள். மூன்று நாளும் அதைத்தான் யோசித்தாள்.

"அந்தச் சுத்தமானதுல அக்கா இல்ல மேடம்."

"இதுலயும்தான் இல்ல."

"இதுல எங்கெங்க இல்லன்னு தெரியுது."

பேராசிரியை பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, தலைப்பை மட்டும் மாற்றச் சொன்னார்.

ஆய்வு நாளன்று கூடத்தில் நாற்பத்திரண்டு போர்டுகள். அவளுக்கு இடப்பக்கம் ஓவிய மாணவி ஒருத்தி, ஒரே சுவரை முப்பது வெவ்வேறு நேரங்களில் வரைந்து ஒட்டியிருந்தாள். வலப்பக்கம் இயற்பியல் மாணவன் சூடான தட்டில் தண்ணீர்த் துளிகளைத் துள்ளவிட்டுக் காட்டினான். கூட்டம் முழுக்க அங்கேதான். துளி துள்ளும்போதெல்லாம் கைதட்டல்.

அவள் போர்டின் தலையில் அவள் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழே ஏழு பேட்டிகளின் பக்கங்கள் சிறிதாக்கி ஒட்டப்பட்டிருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் மஞ்சள் துணி காயப்போட்ட மாதிரி. கீழே ஒரு வரி: ஏழு பேர் ஐம்பத்தெட்டு முறை சொல்லத் தொடங்கினார்கள், ஐம்பத்தெட்டு முறையும் குறுக்கே பேசப்பட்டது.

"இந்த மஞ்சள் யாரு?" என்று கேட்டார்கள்.

"நான்தான்."

"நீங்களா? பாத்தா அப்படித் தெரியலையே."

"இவதானே மெஸ்ல பாட்டுக் கேட்டுட்டே சாப்பிடுற பொண்ணு?" என்று ஒருத்தி தன் தோழியிடம் சொல்லிக்கொண்டே நகர்ந்தாள். இரண்டு மாணவர்கள் அவள் பேசிய பகுதியை நாடகம் மாதிரி படித்துச் சிரித்தார்கள். ஹாஸ்டலைப் பற்றிய வரிகளைத்தான். அவள் போர்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எடைமேடை காட்டிய எண்பதையும் அறுபதையும் படித்தபோது அதே இருவரும் சிரிப்பை நிறுத்தினார்கள். இரண்டாவது முறை படித்துவிட்டுப் போனார்கள்.

மதியம் மதிப்பெண் போடுபவர் வந்தார். வேதியியல் துறை ஆசிரியர். கையில் அட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா. வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கோட்டுக்கு அப்புறம் என்ன இருந்துச்சுன்னு தெரியுமா?"

"ஒண்ணு போர்டுல இருக்கு சார். மூணு எனக்குத் தெரியும். மத்ததெல்லாம் போயிடுச்சு."

"அந்த மூணு என்ன?"

"சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க சார்."

"ஆய்வுக்கு அதுதானம்மா முக்கியம். பேர் போடாமச் சொல்லலாமே."

முடியாது என்று அவள் தலையை மட்டும் அசைத்தாள். அவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். நல்ல மனிதர், நீண்ட நேரமே காத்திருந்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அட்டையில் ஏதோ எண்ணை எழுதிவிட்டு, தண்ணீர்த் துளி பக்கம் போய்விட்டார்.

அதன் பிறகு யாரும் வரவில்லை. மணி நான்கு ஆகும்வரை போர்டை விட்டு நகரக் கூடாது என்பது விதி. இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. பக்கத்தில் கைதட்டினார்கள். அவள் நின்ற இடத்திலேயே நின்று, அக்கா சொன்ன அந்த மூன்றையும், முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை, எங்கும் நிறுத்தாமல் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள்.